பாதிப் பாலம் எங்களுடையது

லியோன்,
18 மார்ச் 1973

அன்புள்ள அக்கா நொயேலிக்கு,

தம்பி அன்செல்ம் எழுதுவது. நானும் மிரேயும் சுகம். நீ சுகமா? புதுவருட அட்டை போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இவனிடமிருந்து கடிதமா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். பயப்படாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருபத்திரண்டு வருடமாக வருடத்துக்கு ஓர் அட்டை, அதில் இரண்டு வரி என்று ஓட்டிவிட்டோம். இது கொஞ்சம் நீளும்.

விஷயம் இதுதான். எங்கள் பஸ் கம்பெனி இந்த வசந்தத்தில் நான்கு நாள் சுற்றுலா ஒன்றை ஆரம்பித்திருக்கிறது. பழைய கோட்டை, பழைய கோயில், பழைய பாலம் என்று காட்டிக்கொண்டே போவது. அதில் நம் காஸ்தெல்மோர் பாலமும் சேர்ந்துவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டரைக்கு வந்து நாற்பது நிமிடம் நிற்கும். ஓட்டி வருவது நானில்லை, லூசியன் என்று கூட வேலை பார்க்கிறவன். அவன்தான் என்னிடம் வந்து புலம்புகிறான். வழிகாட்டிப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். பாலத்தைப் பிசாசு கட்டியது என்று ஆரம்பித்து, அதற்குமேல் சொல்லத் தெரியாமல் எல்லோரையும் தபால் அட்டை வாங்க அனுப்பிவிடுகிறாளாம். திரும்பி வருகிறவர்கள் லூசியனைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

"எத்தனை வளைவுங்க? நடுவுல எதுக்கு சிலுவை? அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"நீ அந்த ஊர்க்காரன்தானே, சொல்லேன்ப்பா" என்று அவன் என்னைக் கேட்கிறான். எனக்கும் பாதி மறந்துவிட்டது. எழுதிக் கேட்க உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுது.

உன் வீட்டில் உள்ளவர்களை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
தம்பி அன்செல்ம்


காஸ்தெல்மோர், அக்கரை,
27 மார்ச் 1973

அன்புள்ள தம்பி அன்செல்முக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் அதை நீட்டும்போதே, "என்ன நொயேலி, மார்ச்சுலயே புதுவருஷம் வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார். நான் சுகம். மிரேயுக்கு என் அன்பு. அவளை ஒரு தடவைகூடப் பார்க்காமலே அவளுக்கு அன்பு எழுதி எழுதி எனக்குக் கை பழகிவிட்டது.

உன் சிநேகிதர் லூசியனுக்குச் சொல். வளைவு ஆறு. ஒவ்வொன்றின் கீழும் படகை நிறுத்தி, தொண்டை கட்டும்வரை கத்தி, எதிரொலி கேட்டவன் நீ. மறந்துவிட்டது என்கிறாய், நம்புகிறேன். ஊர்க்கரை முனையில் ஒரு கோபுரம். அதன் கூரையைப் போன வருடம்தான் மாற்றினார்கள். ஐம்பத்தெட்டிலிருந்து வண்டிகள் எல்லாம் கீழே உள்ள சிமெண்ட் பாலத்தில் போகின்றன. பழைய பாலத்தில் மனிதர்கள் மட்டும்தான், அப்புறம் எங்கள் வாத்துகள்.

சிலுவை விஷயத்தைத் தெளிவாக எழுதுகிறேன், தப்பாகச் சொல்லிவிடப் போகிறார். கோயில் ஊர்க்கரையில், கல்லறைத் தோட்டம் எங்கள் கரையில். எந்தக் கரையில் யார் செத்தாலும் கோயிலில் பூசை வைத்து, பாலத்தின் வழியாகத்தான் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஊர்க்கரை ஆட்கள் நான்கு பேர் பெட்டியைச் சிலுவைவரை தூக்கிவந்து அதன் அடியில் உள்ள கல்மேடையில் இறக்கி வைப்பார்கள். அக்கரை ஆட்கள் எங்கள் முனையிலிருந்து நடந்து வந்து வாங்கிக்கொள்வார்கள். பாதிப் பாலம் அவர்களுடையது, பாதி எங்களுடையது. அறுநூறு வருடமாக அப்படித்தான் என்கிறார்கள். எனக்குத் தெரிந்து அங்கே இறக்கி வைக்காமல் தாண்டிப்போனது ஒரே ஒரு பெட்டிதான். அது நம் அப்பாவுடையது.

உர்பேன் சுகம். கொஞ்சம் களைப்பு. அறுபத்தெட்டு வயதில் வாதுமை மரத்தில் ஏறினால் வேறென்ன வரும்? பிள்ளைகள் இருந்தால் அதட்டி இறக்குவார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நானேதான் கீழே நின்று கத்த வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உன் அக்கா நொயேலி


லியோன்,
15 ஏப்ரல் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பாலத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்தக் கடைசி இரண்டு வரியை எழுதாமல் இருந்திருக்கலாம்.

கால் மணி நேரம், அக்கா. நவம்பர் மாதம். காற்று எங்கள் தொப்பிகளைப் பிடுங்கி ஆற்றில் போட்டுக்கொண்டிருந்தது. அப்பாவைக் கல்மேடையில் வைக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றோம். இதோ வந்துவிடுவார்கள், வந்துவிடுவார்கள் என்று நின்றோம். உங்கள் முனையிலிருந்து ஒரு ஆள் நகரவில்லை. அப்பாவைப் பெற்ற ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம்தான், "நடங்கடா, நாமளே கொண்டுபோவோம்" என்றேன். முக்கால் பாலம் போனபிறகு ஓடி வந்தார்கள், முன்னால் உன் வீட்டுக்காரர், கையை நீட்டிக்கொண்டு. "தள்ளுங்க! எங்கப்பன் உங்க தோள் இல்லாமலே போய்ச் சேருவான்" என்று நான்தான் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஏன் வரவில்லை என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு மன்னிப்பு வேண்டாம். ஒரு காரணம் சொல்லியிருக்கலாம்.

போகட்டும். இன்னொரு விஷயம். லூசியனின் பேருந்தில் மதாம் பெர்த்தியே என்று ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வருகிறார். இந்தச் சுற்றுலாவுக்கு இரண்டாவது தடவையாக வந்திருக்கிறார். வியாழக்கிழமை பாலத்திலிருந்து திரும்பியவர் லூசியனிடம் சொன்னாராம்:

"நடுவுல அந்தச் சிலுவைகிட்ட ஒரு பெரியவர் நிக்கறார். போற வர்ற ஆளையெல்லாம் நிறுத்தி, 'உங்க டிரைவர் யாரும்மா?'ன்னு கேக்கறார். பேர் தெரியாதுங்கன்னேன். 'கீழ இறங்குவாரா?'ன்னார். எங்க இறங்கறது, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருப்பார்னேன். சிரிச்சுட்டு, 'சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம்'னுட்டார்."

யார் அந்தப் பெரியவர்? லூசியன் கேட்கச் சொன்னான்.

அன்செல்ம்


காஸ்தெல்மோர், அக்கரை,
6 மே 1973

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? பதில் எழுத மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் கோபம். அப்புறம் தோட்டத்தில் உருளைக்கிழங்கு வேலை. வேலை முடிந்தபோது கோபமும் இல்லை, முதுகும் இல்லை.

அந்தப் பெரியவரை எனக்குத் தெரியும். நீல வட்டத்தொப்பி போட்டிருப்பார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். சூப்பு கடைசியில் கொஞ்சம் இருக்கும்போது அதிலேயே ஒயினை ஊற்றிக் கலக்கிக் குடித்துவிட்டு, மீசையைத் துடைக்காமல் கிளம்பிவிடுவார். பெயர் உர்பேன் தெல்பேஷ். முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் அவரைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

முதல் தடவை, மார்ச் பதினைந்தாம் தேதி, பேருந்து வந்து நின்றதுமே பாலத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒரு வியாழனையும் விடவில்லை. காலையிலேயே முகம் மழித்துக்கொண்டு தயாராகிவிடுகிறார். "எங்க கிளம்பிட்டீங்க?" என்றால், "பாலத்துக் காத்து நல்லது" என்கிறார்.

லூசியனிடம் நான் சொன்னதாகச் சில விஷயங்கள் சொல். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் நிற்கும் பேருந்து நன்றாகத் தெரியும். வெயிலில் முழங்கையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு உட்காருகிறார், தோல் உரிந்துவிடும். நம் அப்பா வண்டி ஓட்டும்போது வைத்துக்கொள்வாரே, அச்சாக அப்படி. ரொட்டியை நெஞ்சில் சாய்த்துக் கத்தியைத் தன் பக்கமாக இழுத்து வெட்டுகிறார், அதுவும் அப்பாவைப் போலவேதான். லியோனில் இதெல்லாம் யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ!

நீ காரணம் கேட்டாய். காரணம் எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்று உர்பேன் அன்றைக்கே என் வாயைக் கட்டிவிட்டார். அவர் அவிழ்த்தால் சொல்வேன். அவருக்கும் லூசியனிடம் கேட்க ஒன்று இருக்கிறது, பிள்ளையில்லாத மனுஷனுக்கு வருகிற கவலை அது. அதை நான் எழுதிச் சொல்ல முடியாது. அவர் கேட்டால்தான் சரியாக இருக்கும்.

இருமல் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. நெஞ்சைப் படம் எடுத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
நொயேலி


லியோன்,
27 மே 1973

அக்காவுக்கு,

நலம். மிரேய் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அந்தப் பெரியவர் பாலத்தில் இல்லை என்று லூசியன் சொன்னான். மதாம் பெர்த்தியே மூன்றாம் தடவையாக வந்து, சிலுவைக்கு அந்தப் பக்கம்வரை போய்த் தேடிவிட்டுத் திரும்பினாராம். "பாவம், எங்க போனாரோ" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாராம். படத்தில் என்ன தெரிந்தது?

லூசியனை வேறு பாதைக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. முடிவாகவில்லை.

அன்செல்ம்


காஸ்தெல்மோர், அக்கரை,
4 ஜூன் 1973

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் மிரேயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உர்பேனுக்குக் களைப்புதான். கட்டிலைச் சமையலறைக்கு, ஜன்னல் பக்கமாக நகர்த்திவிட்டோம். அவருக்கு ஆறு தெரிய வேண்டும், எனக்கு அவர் தெரிய வேண்டும். அடுப்பில் நான் எதைப் போட்டாலும் படுத்துக்கொண்டே குறை சொல்கிறார்.

படத்தைப் பற்றிக் கேட்டாய். எங்கள் டாக்டர் பத்து வருடமாக, "வேலை நேரத்துல வேணாம்மா" என்று ஒரு வாய் ஒயின் தொட்டதில்லை. போன வாரம் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, உர்பேனோடு இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுப் போனார். மருந்துச் சீட்டு எழுதவில்லை.

வாதுமை இந்த வருடம் நன்றாகப் பிடித்திருக்கிறது.

நொயேலி


லியோன்,
10 ஜூன் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

லூசியன் என்று ஒருவன் கிடையாது. உனக்குத் தெரியும். முதல் கடிதத்திலிருந்தே தெரியும். மார்ச்சிலிருந்து வருவது நான்தான். வருகிறேன், மரத்தடியில் நிறுத்துகிறேன், நாற்பது நிமிடம் உன் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இறங்க முடியவில்லை. கால் வரவில்லை என்று சொன்னால் சிரிப்பாய்.

வியாழக்கிழமை நான் வந்த நேரத்தில் கோயிலில் ஒரு சாவுப் பூசை நடந்துகொண்டிருந்தது. ரொட்டிக்கடை ரூக்கெத் கிழவர் என்று சொன்னார்கள். வழிகாட்டிப் பெண் எல்லோரையும் ஒதுங்கி நிற்கச் சொன்னாள். நான் வண்டியிலிருந்தே பார்த்தேன். முதலில் மணி மூன்று தடவை அடித்தது. அது அடித்து முடித்த பிறகுதான் உங்கள் முனையில் ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள். மணி அடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. கோயிலிலிருந்து பெட்டி வெளியே வந்தது. எல்லோருக்கும் கடைசியில் ரூக்கெத்தின் மூத்தவன் வந்தான், என்னோடு படித்தவன். கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். அந்த மணிக்கயிற்றில் மெழுகும் எண்ணெயும் ஊறி, தொட்டால் கறுப்பாக ஒட்டும். உனக்கு நினைவிருக்கும்.

இத்தனை வருடமாக, அப்பாவை எடுத்த அன்றும் மணி அடித்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சாவு என்றால் மணி அடிக்கும், அதனால் அடித்திருக்கும் என்று நினைத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைக் கிளறினேன். அப்பாவின் பூசைக்கு வாங்கிய சாம்பல் நிறக் கையுறை இன்னும் இருக்கிறது. அன்று ஒரு நாள்தான் போட்டேன், புதைத்து முடியும்வரை கழற்றவில்லை. உள்ளங்கைப் பக்கத்தில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லை. மிரேய், "எதுக்கு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துக்கிட்டே நிக்கற?" என்றாள். 

அன்றைக்கு உங்கள் கரையில் மணி கேட்டதா, அக்கா?

அன்செல்ம்


காஸ்தெல்மோர், அக்கரை,
17 ஜூன் 1973

அன்புள்ள தம்பி,

கேட்கவில்லை.

உன் கடிதத்தை உர்பேனுக்குப் படித்துக் காட்டினேன். கையுறை இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "இனி சொல்லிரு. அவனே கண்டுபிடிச்சுட்டான்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

செத்தவரின் மூத்த மகன் கயிற்றை மூன்று தடவை இழுக்க வேண்டும். அதுதான் அக்கரைக்குச் சொல்கிற சேதி: கொண்டுவருகிறோம், நீங்களும் கிளம்புங்கள். மணி வருமுன்னே நாங்கள் கிளம்பக் கூடாது. கிளம்பினால், எப்போது சாவான் என்று காத்திருந்த மாதிரி ஆகிவிடும். உர்பேனும் மற்ற மூன்று பேரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் முனையில் நின்றார்கள். நானும் பின்னால் நின்றேன். மணி வரவில்லை, பெட்டி சிலுவையில் நிற்பது தெரிந்தும் கிளம்ப முடியவில்லை. தெற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று எங்கள் பக்கச் சத்தத்தை உங்கள் பக்கம் கொண்டுபோகும், உங்கள் சத்தத்தை எங்களுக்குத் தராது. மணி அடித்து, காற்றில் போயிருக்குமோ என்று ஒருவர் கேட்டார். "மூணும் போயிருக்காதுப்பா" என்றார் உர்பேன். பெட்டி சிலுவையைத் தாண்டுவதை யாரோ பார்த்துக் கத்தியபிறகுதான் ஓடினார்கள்.

கோயில் மணியைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சிப்ரியேன் அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தார். "தப்பு என்மேலயும் இருக்கு. கயித்தை அவன்கிட்ட நீட்டினேன். அதைப் பாத்துக்கிட்டே அழுதான். தொடாமலே போயிட்டான். இழுக்கலை. நான் இழுத்தா முறையில்லைன்னு விட்டுட்டேன். நாளைக்கு அவன்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

உர்பேன் விடவில்லை. "வேணாம். அப்பனைப் புதைச்சுட்டு வந்திருக்கான். இதையும் அவன் தலையில வைக்காத. எங்களைத் திட்டிட்டுப் போகட்டும், எங்களுக்கு என்ன தேய்ஞ்சா போகுது?" என்றார். ஒரு மாதம் போனால் நீயே ஆறிவிடுவாய் என்று நினைத்தார். நீ பத்தாம் நாளே லியோனுக்கு ரயில் ஏறிவிட்டாய்.

மார்ச்சில் பாலத்தைப் பற்றி எழுதியபோது எல்லாவற்றையும் எழுதினேன், மணியை மட்டும் விட்டுவிட்டேன். நீ கேட்பாயோ என்று பயமாக இருந்தது. கேட்க மாட்டாயோ என்றும் இருந்தது.

எனக்கு உன்மேல் கோபம் இருந்தது, அன்செல்ம். இல்லை என்று எழுத மாட்டேன். அது உன் மறதிக்காக இல்லை, ஒரு வார்த்தை கேட்காமலே ரயில் ஏறியதற்காக.

நொயேலி


காஸ்தெல்மோர், அக்கரை,
8 ஜூலை 1973

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரியும், உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இருபத்தொன்றாம் தேதி வண்டி வந்தது. நீ இறங்கவில்லை. முழங்கைகூட வெளியே வரவில்லை. உர்பேன் அன்று சாப்பிடவில்லை.

இந்த வியாழக்கிழமை இறங்கினாய். நான் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். "நொயேலி, இங்க வா, கதவு திறக்குது" என்றார். கோபுரத்துக்குக் கீழே வந்து கொஞ்சநேரம் நின்றாய். அப்புறம் நடந்து வந்தாய். சிலுவைவரை வந்து, தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் பார்த்தபடி நின்றாய். நான் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, வாசலுக்கு ஓடினேன். அதற்குள் திரும்பிவிட்டாய்.

நான் உள்ளே வந்து அழுதேன். "இவ்வளவு தூரம் வந்தவன் இன்னும் பாதி வந்தா என்ன? கால் உடைஞ்சா போயிரும்?" என்றேன்.

உர்பேனுக்குச் சிரிப்பு. சிரித்தால் இருமல், இருமல் நின்றால் மறுபடி சிரிப்பு. "ஏன்டி, ஊர்க்கரைக்காரன் எதுவரைக்கும் வரணும்? சிலுவைவரைக்கும்தானே? வந்துட்டான். அவன் பாதி முடிஞ்சுது. மிச்சப் பாதி நம்மளது, நாமதான் போகணும். நாமதான் இந்தத் தடவையும் லேட்டு" என்றார்.

அப்புறம் பக்கத்துப் பண்ணைக்கு ஆள் அனுப்பச் சொன்னார். என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்தபோது வேண்டாம் என்று சண்டை போட்டேன். பயனில்லை.

பத்தொன்பதாம் தேதி இரண்டே முக்காலுக்குச் சிலுவையில் இரு. அந்தக் கையுறையைக் கொண்டு வா.

நொயேலி


லியோன்,
22 ஜூலை 1973

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

அத்தான் என்று எழுதி இருபத்திரண்டு வருடமாகிறது. எழுதிவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? வெயிலில் வந்தது ஒத்துக்கொண்டதா? இருமல் எப்படி?

ஜூனில் நீ எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இல்லை, அக்கா. எழுதி எழுதிக் கிழித்தேன். என்ன எழுதினாலும் கடைசியில் நான்தான் பாவம் என்கிற மாதிரியே வந்தது.

வியாழக்கிழமை நீ உங்கள் முனையிலேயே நின்றுவிட்டாய். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன். தப்பாக எழுதினால் அத்தான் திருத்தட்டும்.

நான் சிலுவையில் நின்றேன். உங்கள் முனையில் நான்கு பேர் எதையோ தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கிட்டே வந்தபோதுதான் தெரிந்தது, இரண்டு கழியில் கட்டிய சமையலறை நாற்காலி. அதில் அத்தான், ஜூலை மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு, கல்யாணத்துக் கழுத்துப்பட்டையோடு. எப்படி இளைத்துவிட்டார் என்று நீ எழுதவில்லை. கல்மேடையில் இறக்கி வைத்துவிட்டு நான்கு பேரும் ஒதுங்கிக்கொண்டார்கள். நான் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா பாக்கற? இறக்கி வச்சாச்சு. உங்க கரை ஆளுங்க எங்க?"

"நான் மட்டும்தான் அத்தான்."

"நாலு பேர் வேணும்டா. பஸ் நெறைய ஆளை வச்சுக்கிட்டு ஒத்தையா நிக்கற? அந்த முனையிலேருந்து வர்ற எவனும் ஊர்க்கரைக்காரன்தான். கூப்பிடு!"

கூப்பிட்டேன். லியோன் கறிக்கடைக்காரர் ஒருவர், ஒரு வங்கிக் குமாஸ்தா, தேன்நிலவுக்கு வந்த மாப்பிள்ளை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மதாம் பெர்த்தியே அத்தானின் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் வலது முன்முனையைப் பிடித்தேன். அவருடைய தலை என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"சொல்லியிருக்கலாமே அத்தான்."

"எப்பச் சொல்றது? அன்னிக்கு உங்கப்பன் போயிட்டான். அப்புறம் நீ போயிட்ட."

"எழுதியிருக்கலாம்."

"இது கடுதாசில எழுதற விஷயமாடா? பாத்து நட, கல் தூக்கிக்கிட்டிருக்கு."

கோயிலில் பங்குச் சாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன உர்பேன், மணி அடிக்கணும்னு சொல்லி அனுப்பினியாமே? யாரு செத்தது?" என்றார். "இன்னும் யாருமில்ல சாமி. ஒரு மணி இருபத்திரண்டு வருஷமா லேட்டு" என்றார் அத்தான். சாமியார் என்னைப் பார்த்தார். மணிக்கூண்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

கயிற்றுக்குப் பக்கத்தில் நாற்காலியை வைத்தோம். அப்போதுதான் அவர் கேட்க நினைத்ததைக் கேட்டார். "எனக்குப் பையன் இல்ல. பையன் இல்லாத வீட்டுக்குப் பொண்டாட்டியோட தம்பிதான் இழுக்கணும். அதுவும் இல்லைன்னா மணி இல்லாமத்தான் போகணும். மணி இல்லாம போறது எப்படின்னு பாத்தவன் நான். இழுப்பியா?"

இழுப்பேன் என்றேன். 

"அப்ப முதல்ல உங்கப்பனுக்கு இழு. எனக்கு இழுக்கறப்ப கை பழகியிருக்கும்."

கையுறையைப் போட்டுக்கொண்டு இழுத்தேன். முதல் தடவை சத்தமே வரவில்லை, மணி அசைந்தது, அவ்வளவுதான். "அப்பன் மேலயும் கோபமா?" என்றார். அப்புறம் வந்த மூன்றும் நன்றாக வந்தன. நான் அழுதேன், அவர் பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது உங்கள் முனையிலிருந்து எல்லோரும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தீர்கள். அக்கா, நீ முன்னால் வந்தாய், ஏப்ரனோடு. நாங்கள் சிலுவைவரை வந்து நாற்காலியை இறக்கி வைத்தோம். நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். இது ஒன்றுதான் அன்றைக்கும் நடந்திருக்க வேண்டும்.

மூன்று பத்துக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து நான்கேகாலுக்குக் கிளம்பியது. அடுத்த ஊரில் பார்க்க வேண்டிய கோட்டையைப் பூட்டிவிட்டார்கள். முப்பத்திரண்டு பேரில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. கம்பெனி மட்டும் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. சாவு ஊர்வலம் என்று எழுதிக் கொடுத்தேன். யாருடையது என்று கேட்டார்கள், அப்பாவுடையது என்றேன்.

ஆகஸ்டில் பத்து நாள் விடுப்பு. மிரேயோடு வருகிறேன். சிலுவைக்கு அந்தப் பக்கமும் வருவேன். அத்தான், அதுவரை வாதுமை மரத்தில் ஏறாதீர்கள்.

கையுறையை அலமாரியில் வைத்துவிட்டேன். துவைக்கவில்லை.

உங்கள் அன்புள்ள,
அன்செல்ம்


காஸ்தெல்மோர்,
2 செப்டம்பர் 1973

அன்புள்ள தம்பிக்கும் மிரேயுக்கும்,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. நீங்கள் போனபிறகு வீடு பெரிதாகிவிட்டது. மிரேய் விட்டுப்போன சால்வையை உர்பேன் காலில் போட்டிருக்கிறேன், திருப்பித் தர மாட்டாராம்.

இப்போது அதிகம் பேசுவதில்லை. நேற்று மட்டும், "அன்செல்ம் போட்ட முதல் இழுப்பு மோசம். ரெண்டு கையும் மேல வச்சுப் பிடிக்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

வாதுமையை யார் உலுக்குவது என்று தெரியவில்லை.

அன்புடன்,
அக்கா நொயேலி


தந்தி
18 செப்டம்பர் 1973

உர்பேன் இன்று விடியற்காலையில் போய்விட்டார். வியாழன் இரண்டரைக்குப் பூசை. நேற்றிலிருந்து தெற்குக் காற்று அடிக்கிறது. பலமாக இழு. நொயேலி